மருதாணிச் சாயம் போவதற்குள்

தம்பி, நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்தை எழுது என்று ஆரம்பிக்கத்தான் எனக்குத் தெரியும். இந்த முறை அப்படி ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் அம்மாவின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நோய் பரவியிருக்கிறது என்று போன வாரம் ஸ்கேனில் வந்ததை எங்களுக்கு முன்னால் நீதான் படித்தாய். நாங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சரி நைனா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன் குரலிலேயே எனக்கு முழு ரிப்போர்ட்டும் விளங்கிவிட்டது. மறுநாள் கூப்பிட்டு, சென்னையில் புது மருந்துச் சோதனை நடக்கிறது, அம்மா பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன், உடனே அழைத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றாய். அதற்குப் பதில்தான் இது. அம்மா வரமாட்டாள். இனி செஞ்சியை விட்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாள். வரவேண்டியவன் நீதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிகிறதா? நான் வாயைத் திறந்தால் நீ மருந்தின் பெயரைச் சொல்கிறாய். அம்மா சாப்பிடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று கேட்கிறாய். அதற்குமேல் பேசினால் "லேப்ல இருக்கேன் நைனா" என்கிறாய். அதனால்தான் மத்தியானத்தில் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கல்லாவில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். என் கையெழுத்து உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பரவாயில்லை, ஸ்கேனைப் பெரிதாக்கிப் படித்த மாதிரி இதையும் படி.

முதலில் உன் மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வைத்திருந்தால் அது வேறு இடத்தில் வந்து நிற்கும். நோய் இன்னதென்று தெரிந்த அன்று நீ அம்மாவை என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஒரு வருஷத்துக்கு மேலயா காலு அடியில கறுப்பா வளருது, நீ பாட்டுக்கு மூடி வச்சிருந்தியா? புள்ள இன்னா படிக்கிறான்னுகூடவா உனுக்குத் தெரியாது?" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அவள் "விடுப்பா, தெரியாம போச்சு" என்று மட்டும் சொன்னாள். அது தெரியாமல் போனது இல்லை. காரணத்தை உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்று நான் அதை மீறப்போகிறேன். உன் அம்மாவை நீ ஒன்றும் அறியாதவள் என்று நினைத்துக்கொண்டிருப்பதை இனியும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நீ ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளிநாடு கிளம்பிய சமயத்தில் தொண்டூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில் திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். உனக்காக வேண்டிக்கொண்டு அவளும் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு மாமன் வீட்டில் தங்கி விரதமிருந்தாள். காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது உனக்கும் தெரியும், சின்ன வயதில் அதற்காகவே நீ காப்புக் கட்ட மாட்டேன் என்று ஓடியவன். உன் விமானம் அந்த நாட்களுக்கு நடுவில் வந்து விழுந்தது. நான் காரோடு போய் நின்றபோது, கயிற்றுக்கு மேல் வளையலை ஏற்றி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து ஏறினாள். "காப்போட எல்லை தாண்டலாமா?" என்றேன். "புள்ள போறான். அம்மனும் புள்ள பெத்தவதான், கேக்க மாட்டா. நீங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். விமான நிலையத்தில் ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே உனக்குக் கையசைத்தாள். நீ கவனித்திருக்க மாட்டாய். கவனிக்கும்படியான நாளும் இல்லை அது.

திரும்பிப் போய் மற்றவர்களோடு தீ மிதித்தாள். சில நாள் கழித்துக் குளிக்கும்போது இடது குதிகாலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. வலி இல்லை, கொப்புளம் இல்லை. ஆனால் நம்ம பக்கம் தீமிதியில் கால் சுட்டுவிட்டால் ஊர் என்ன சொல்லும்? விரதத்தில் ஏதோ குறை என்று சொல்லும். அவளுக்கு ஊர் சொல்லத் தேவையே இல்லை, குறை என்னவென்று அவளுக்கே தெரியும். எல்லை தாண்டியதற்கு அம்மன் காலில் வைத்த சூடு என்று முடிவுகட்டிவிட்டாள். அதை வெளியே காட்டினால் வேண்டுதல் பலிக்காமல் போய்விடும், போன நாட்டில் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள். உன் விரலில் ஒரு கீறல் விழக்கூடாது என்றுதான் தன் காலை மறைத்தாள். எப்படி மறைத்தாள் தெரியுமா? வாரம் தவறாமல் மருதாணி வைத்துக்கொண்டாள். பின்கட்டுச் செடியிலிருந்து இலை உருவி, விழுதாக அரைத்து, இரண்டு உள்ளங்காலிலும் குதிகால் மூடும்படி அப்பிக்கொள்வாள். "இன்னாடி, புள்ளய அனுப்பிட்டுப் புதுப்பொண்ணு ஆயிட்டியா?" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். சிரித்தாள்.

அடுத்த வருஷம் குறையைச் சரிக்கட்ட வேண்டும் என்று மறுபடி காப்புக் கட்டினாள். அந்தத் தடவை ஊரை விட்டு ஓர் அடி நகரவில்லை. அந்தக் காலோடு, அந்தப் புண்ணோடு, நெருப்பில் இறங்கி ஏறினாள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும் போலத்தான் வந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதையும் நீ சேர்த்துப் படித்துக்கொள். பிறகு ஒரு நாள், கடையில் மேல் தட்டிலிருந்து பித்தளைத் தவலை எடுத்துத் தர ஏணியில் ஏறினாள். இறங்கியபின் ஏணிப்படியில் ரத்தம். தரையில் அவள் குதிகால் பட்ட இடமெல்லாம் ரத்தம். தவலை வாங்க வந்த பெண்தான் முதலில் பார்த்து, "அம்மா, காலப் பாருங்க" என்றாள். மருதாணிச் சிவப்பு என்று சொல்லிப் பார்த்தாள் உன் அம்மா. அதற்குள் நான் காலைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சதையில் துளி எடுத்துப் பார்த்துவிட்டு, மெலனோமா, தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களில் வருகிற புற்றுநோய் என்றார்கள். நெருப்பு சுட்டதால் வந்ததா என்று நான் கேட்டேன். அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: நெருப்பினால் வந்ததாகச் சொல்ல முடியாது, உள்ளங்காலில் வருவது வெயிலால் வருவதும் இல்லை, நம் மாதிரி நிறத்தவர்களுக்குக் காலடியிலும் நகத்தடியிலும்தான் இது அதிகம் வருகிறது, யாரும் அங்கே பார்ப்பதில்லை, அவர் கண்ணில் படுவதற்கு முன்பே இருந்திருக்கலாம். இதை உனக்காகத்தான் அப்படியே எழுதுகிறேன். உன்னை வழியனுப்ப வந்ததால் இது வரவில்லை. அப்படி ஒரு சுமையை நீ தூக்கிக்கொண்டு அலைந்தால், இதை எழுதிய என் கை அழுகட்டும். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவள் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். "அப்ப அம்மன் என்னைச் சுடல" என்றாள் கடைசியில். அவ்வளவு பெரிய நோயைச் சொல்லியனுப்பிய நாளில் அவளுக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்பதற்கு வருகிறேன். உன் பேராசிரியர் வேண்டாம் என்று சொல்லியும், எலியின் ரத்தத்தில் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இந்த நோய்க்கு மாறினாய். எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பஜாரில் கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொன்னேன். நீ வீடியோவில் எனக்கு விளக்கினாய்: உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் சிலருடைய கட்டிக்குள் கூட்டமாக நுழைந்து நிற்குமாம், அவர்கள் கூடுதல் காலம் இருப்பார்களாம். சிலருக்குக் கட்டியின் ஓரத்திலேயே நின்றுவிடுமாம். யாருக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தால், நோய் எந்தப் பக்கம் போகும், எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாமாம். ஷட்டர் சாத்திய கடைக்கு வெளியே வாடிக்கையாளர் நிற்கிற மாதிரியா என்று கேட்டேன். "கரெக்ட் நைனா, அந்த ஷட்டர எப்படித் தூக்கறதுன்னுதான் பாக்கறோம்" என்று சிரித்தாய். பிறகு அம்மாவின் குதிகாலை அறுத்தெடுத்த ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு வரியைப் படித்ததும் உன் முகம் மாறியது. டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்கள் அநேகமாக இல்லை என்று எழுதியிருந்ததாம். அன்றிலிருந்துதான் நீ அம்மாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாய். நான் கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை.

நடுவில் ஒரு முறை வந்தாய். தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிகாலில் ஒட்டியிருந்தார்கள், இடுப்பு மடிப்பில் நெறிக்கட்டிகளை எடுத்ததில் கால் வீங்கிக் கிடந்தது. நீ வருகிறாய் என்று அவள் தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டி, கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீ பையை வைத்தாய், கை கழுவினாய், நேராகக் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கச் சொன்னாய். போனை எடுத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தாய், இடுப்பு மடிப்பில் அழுத்திப் பார்த்தாய், வலிக்குதா, மரத்துப்போச்சா என்று கேட்டாய். எல்லாம் முடிந்த பிறகுதான் தலை நிமிர்ந்து "எப்பிடிம்மா இருக்க?" என்றாய். அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்த நாள் முழுவதும் லேப்டாப்பில் உட்கார்ந்து யாரார் எங்கே பிழைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாய். நீ ஊருக்குத் திரும்பியபின் அவள் சொன்னாள்: "எம்புள்ள வரல. டாக்டரு ஒருத்தரு வந்துட்டுப் போனாரு." குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

அந்த ஷட்டரைத் தூக்குகிற மருந்தை ஏற்ற ஆரம்பித்தபின் நடந்தது உனக்குத் தாளில் தெரியும். எனக்குப் பாயில் தெரியும். எழுப்பிவிட்ட எதிர்ப்பு அணுக்கள் கட்டியைத் தேடிப் போகாமல் அவள் குடலைப் பிடித்துக்கொண்டன. கழிவறைக்குப் போகும் வழியிலேயே ஆகிவிடும், ரத்தமாகப் போகும். என்னைக் கழுவ விடமாட்டேன் என்று முதல் நாள் அழுதாள், பிறகு அழக்கூடத் தெம்பில்லை. தைராய்டு போனது. குடலை அடக்க வேறு மருந்து கொடுத்ததில் முகம் ஊதி, கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னாள். இவ்வளவும் பொறுத்துக்கொண்டது எதற்காக என்று நினைக்கிறாய்? உன் வேலை தோற்றுவிட்டது என்று நீ நினைத்துவிடக்கூடாது என்பதற்காக. ஒவ்வொரு முறை புதுச்சேரிக்குக் கிளம்பும்போதும் "அவன் இவ்ளோ படிச்சுப் பாடுபடறான், நாம போவலன்னா மனசு விட்டுடுவான்" என்பாள். மருந்துக்குக்கூட அவள் தனக்காகப் போகவில்லை, தம்பி.

இப்போது போதும் என்கிறாள். ஸ்கேன் வந்த அன்று டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னார். சென்னையில் நடப்பது நல்ல முயற்சிதான், ஆனால் பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, உடம்பு தாங்குமா என்பதும் சந்தேகம், முடிவு உங்களுடையது என்றார். அவள் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. "வலிக்கு மாத்திர மட்டும் குடுங்க டாக்டரம்மா. நான் வூட்ல இருக்கறேன்" என்றாள். எனக்கு அங்கேயே அவளை அறையவேண்டும் போலக் கோபம் வந்தது, காலில் விழவேண்டும் போலவும் வந்தது. பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேர்ந்தோம். அப்புறம் நான், "பையன்கிட்ட இன்னா சொல்றது?" என்றேன். "வரச் சொல்லுங்க. மருந்தோட வரவேணாம், சும்மா வரச் சொல்லுங்க" என்றாள். இப்போது மாடி அறையில் ராஜகிரி மலை தெரிகிற ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் பாறைச் சூடு காற்றில் வருகிறது, ஆனாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டேன் என்கிறாள்.

நீ கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் மெழுகில் புதைத்து வைத்திருக்கிற அவள் சதையை உங்கள் ஆராய்ச்சிக்கு அனுப்பச் சம்மதமா என்று கேட்டிருந்தாய். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். "எடுத்துக்கச் சொல்லுங்க. இன்னொருத்திக்காவது அந்தக் கதவு தெறக்கட்டும். ஆனா எம்புள்ள அத்தப் பாக்கக் கூடாது. கூட வேல செய்யற வேற யாராச்சும் பாக்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அவன் என்னப் பாத்ததெல்லாம் போதும்" என்றாள். சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உங்களிடம் பெயரில்லாமல் எண்ணோடுதான் வரும் என்று நீ சொல்லியிருக்கிறாய். எது அம்மாவுடையது என்று தேடாதே. இது நான் உனக்குச் சொல்கிற புத்தி என்று வைத்துக்கொள். அந்த எண்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் என்னைப்போல் ஒருவன் பாயைக் கழுவியிருப்பான், அதை மட்டும் மறக்காமல் உன் வேலையைச் செய். விட்டுவிடாதே. அம்மாவுக்கு எட்டவில்லை என்பதற்காக அது வீண் இல்லை. அம்மாவே அப்படி நினைக்கவில்லை.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். அதை இத்தனை நாள் அக்கறை இல்லாமை என்று நினைத்து உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நீ அவள் நோயைக் கையில் எடுத்துக்கொண்டது அவளைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான். நோயோடு சண்டை போடலாம், கட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் நாளெல்லாம் கடையில் துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்குகிறேன். அவள் கூப்பிட்டாலும் கையிலிருக்கிற பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டுத்தான் மாடிக்கு ஏறுகிறேன். நீ வந்தால் மாறி மாறி உட்காரலாம். எனக்கு நீ வேண்டும் தம்பி. அவளுக்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நேற்று அவள் மருதாணி கேட்டாள். வீட்டில் அந்தப் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை, செடியை வெட்டிப் போடக்கூட ஒரு முறை போனேன், அவள்தான் தடுத்தாள். இலை உருவி அரைத்துக்கொண்டு போனேன். வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒட்டுப்போட்ட தோலில் வைக்கலாமா என்று தயங்கினேன். "அத வுட்டுட்டு மத்ததுல வைங்க. எதயும் மூட வேணாம்" என்றாள். அந்த இடத்தைச் சுற்றி, அது தெரியும்படியாகவே வைத்தேன். காலையில் கழுவிப் பார்த்தால் அப்படிச் சிவந்திருக்கிறது. பொண்டாட்டி மேல் ஆசை வைத்தவன் கையால் வைத்தால் சிவக்குமாம், அவளே சொல்லிச் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்து அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியதும், "அவன் வர்ற வரைக்கும் இருக்குமா?" என்று கேட்டாள். மருதாணியைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

காலடிச் சாயம் அவள் இப்போது நடப்பதில்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதற்குள் வந்துவிடு. வந்து பையை வாசலிலேயே போடு. மேலே ஏறி முதலில் அவள் முகத்தைப் பார், அவள் பார்த்து முடிக்கும்வரை பார். அப்புறம் போர்வையை அவளே விலக்கிக் காலைக் காட்டுவாள். எங்கும் அழுத்திப் பார்க்காதே. நல்லா செவந்திருக்குதும்மா என்று மட்டும் சொல்.